முட்டுமரக் காட்டில் இரண்டு நாள்: ஆவன் பள்ளத்தாக்கில் ஒரு சைக்கிள் பயணம்

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆன பிறகும், தென் வேல்ஸின் ஆவன் பள்ளத்தாக்கை நான் ஓர் இறக்கமாக மட்டுமே அறிந்திருந்தேன். சைக்கிள் நண்பர்களோடு இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். இரண்டு முறையும் மூச்சிரைக்க ஏறி, முன்சக்கரத்துக்கு மூன்று மீட்டருக்கு அப்பால் பார்வையை நகர்த்தாமல் இறங்கி, சேறு காய்வதற்குள் சைக்கிளைக் காரில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். 2019 மே மாதத்தில், பிரிஸ்டலில் வேலை பார்க்கும் என் மைத்துனன், "அத்தான், அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?" என்று கேட்டான். மரங்கள் இருக்கின்றன என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அந்த வெட்கம் உறுத்தியதால், இருவரும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இந்த முறை மெதுவாகப் போவதென்று முடிவு செய்தோம்.

பெயரிலிருந்து தொடங்க வேண்டும். வரைபடத்தில் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நான் அந்த ஆற்றை 'ஆஃபன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வெல்ஷ் மொழியில் ஒற்றை எஃப் எழுத்துக்கு 'வ' ஒலி என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளூரில் சொல்வதைக் கேட்டால் ஏறக்குறைய நம்முடைய 'அவன்' போலவே இருக்கும். வாசிப்பவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக இங்கே ஆவன் என்று எழுதுகிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் எங்களுக்குள் ஆறு 'அவன்' ஆகவே இருந்தது. மேலும் நான்கைந்து வெல்ஷ் சொற்களைத் தெரிந்துகொண்டால் வரைபடமே பாதி வழிகாட்டியாகிவிடும்: 'கூம்' என்றால் பள்ளத்தாக்கு, 'பிளைன்' என்றால் அதன் தலைப்பகுதி, 'அபர்' என்றால் முகத்துவாரம், 'பொன்ட்' என்றால் பாலம், 'கோய்ட்' என்றால் காடு. பிளைன்க்வின்வி, அபர்க்வின்வி என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்ப் பெயர்கள் வரும்போது, க்வின்வி என்கிற ஓடை எங்கே தொடங்கி எங்கே ஆற்றில் சேர்கிறது என்பது ஊகமாகவே புரிந்துவிடுகிறது. சாலையில் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கும் 'அராவ்' என்பதற்கு 'மெதுவாக' என்று பொருள். அதை முதல் இரண்டு பயணங்களிலேயே யாராவது எனக்கு மொழிபெயர்த்திருக்கலாம்.

போய்ச் சேருவது எளிது. எம்4 நெடுஞ்சாலையில் 40ஆம் சந்திப்பில் விலகி, ஏ4107 சாலையைப் பிடித்தால் அது பள்ளத்தாக்கின் வழியாகவே ஏறுகிறது. கார் இல்லாதவர்கள் போர்ட் டால்போட் பார்க்வே ரயில் நிலையத்தில் இறங்கி, தேசிய சைக்கிள் வழித்தடம் 887இல் நேராகக் காட்டுக்குள் வந்துவிடலாம். எந்தப் பாதையில் போவது என்பதைத்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். பிரிட்டனில் காட்டுச் சைக்கிள் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடும் வரிசையில் நிறம் கொடுக்கிறார்கள். ஆவன் காட்டின் புகழெல்லாம் மலைமேல் செல்லும் சிவப்புப் பாதைகளால் வந்தது. ஆனால் பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றங்கரையை ஒட்டி, தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட பழைய ரயில் தடத்தின்மேல் ஓர் எளிய பாதை இருக்கிறது. அதன் பெயரே 'ரைல்ஃபோர்த்', அதாவது ரயில்பாதை. தசை வலுவை நம்பி வருகிற எவரும், நான் உட்பட, அதைக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். இந்த முறை முதல் நாள் முழுவதையும் அதற்கே கொடுத்தோம். அது சரியான முடிவு. கீழே என்ன நடந்தது என்று தெரியாமல் மேலே ஏறினால், மேலே இருப்பது எதுவும் புரியாது.

கீழ்முனையிலிருக்கும் பொன்ட்ரீடவென் கிராமத்தில் தொடங்கினோம். 'பொன்ட் வவ்ர்', அதாவது பெரிய பாலம் என்று அழைக்கப்படும் நான்கு வளைவுக் கற்பாலம் ஒன்று ஊருக்கு மேலே நிற்கிறது. முதல் பார்வையில் சாலைப் பாலம் என்றே தோன்றும். உண்மையில் அது 1820களில் தண்ணீர் கொண்டுபோவதற்காகக் கட்டப்பட்ட தொட்டிப்பாலம். ஓக்வுட் இரும்பாலையின் நீர்ச்சக்கரத்தைச் சுற்றுவதற்கு ஆற்று நீரை உயரத்திலேயே ஓட்டிவந்து சேர்க்க வேண்டியிருந்தது. இரும்பாலை போய்விட்டது, தண்ணீரும் போய்விட்டது. பாலத்தை மட்டும் மக்கள் தங்கள் போக்குவரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாலத்தின் அடியிலிருக்கும் வீடுகளுள் ஒன்றில்தான், 1925 நவம்பர் 10 அன்று, சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குப் பதின்மூன்று பிள்ளைகளில் பன்னிரண்டாவதாக, ரிச்சர்ட் ஜென்கின்ஸ் பிறந்தார். உலகம் அவரை நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் என்று அறியும். வெல்ஷ் பேசுகிற வீட்டில் பிறந்து, இரண்டு வயதாகுமுன் தாயை இழந்து, அக்காள் வீட்டில் வளர்ந்தவர். மைத்துனனுக்குச் சினிமாப் பைத்தியம் உண்டு. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டான். நான் பாலத்தின் தூணில் கையை வைத்துப் பார்த்தேன். கல்லின் இடுக்குகளில் பாசியும் சிறு பெரணிகளும் முளைத்திருந்தன, உச்சி வெயிலிலும் கல் ஈரமாக இருந்தது.

அங்கிருந்து பாதை காட்டுக்குள் நுழைகிறது. நீராவி ரயில் ஏறவேண்டிய தடம் என்பதால் ஏற்றம் இருப்பதே தெரியாமல் ஏறுகிறது, திருப்பங்களும் அகலமாக இருக்கின்றன. எங்கேயாவது பாதையின் இரு பக்கமும் பாறை செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தால், அங்கே மலைமூக்கு ஒன்றைக் குடைந்து வழி செய்திருக்கிறார்கள் என்று பொருள். பாதை ஒரு கரையின்மேல் உயர்ந்து போனால், அங்கே பள்ளத்தை நிரப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் காரணமில்லாமல் ஒரு நீளமான மேடை வந்தால், அது பெரும்பாலும் நிலையமாகவோ சரக்கு ஏற்றும் இடமாகவோ இருந்திருக்கும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால், மரங்களுக்கு நடுவே ரயில்பாதை கோட்டுச் சித்திரம்போல் தெரியத் தொடங்குகிறது. மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனால் தெரியாது. மணி ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாயோடு நடப்பவர்களும், பாதையின் நடுவில் படுத்திருக்கும் ஆடுகளும் நிறைய. ஆடுகள் மணிக்கு மதிப்புத் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

காட்டுப் பூங்காவின் மையத்தில், அப்போது, தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருந்தது. 1976இல் தொடங்கப்பட்ட சிறிய இடம். இப்போது போகிறவர்கள் அது எங்கே, எந்நாளில் திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. 1842இல் சட்டம் வந்து பெண்களையும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கும்வரை, காற்றோட்டக் கதவைத் திறந்து மூடுவதற்கென்றே சிறு குழந்தைகளை இருட்டில் மணிக்கணக்காக உட்காரவைத்திருந்தார்கள். 1913இல் தென் வேல்ஸ் நிலக்கரி வயல் தன் உச்சத்தைத் தொட்டபோது ஏறக்குறைய 5.7 கோடி டன் கரி வெட்டப்பட்டது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வேலையில் இருந்தார்கள். இந்தக் கணக்குகளைப் படித்தபோது தலையசைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். சுரங்கக் கூரையைத் தாங்கும் மர முட்டு எப்படி நிறுத்தப்படும் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்தப் பயணத்தின் மீதிப் பகுதி முழுவதும் அந்த முட்டுமரத்தைத் தொடர்ந்துதான் போனது என்று இப்போது தோன்றுகிறது.

ஆவனும் கோருக் ஆறும் கூடுமிடம் கம்மர். அந்தச் சொல்லுக்கே கூடல் என்றுதான் பொருள். நமக்கு விளக்க வேண்டாத பெயர். ஆறுகளைப் போலவே மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் ரயில்பாதைகளும் இங்கே வந்து முட்டிக்கொண்டன. இன்று ஒன்றுகூட இல்லை. பயன்பாடற்ற உயரமான ரயில் பாலம் ஒன்று ஊரின் தலைக்கு மேல் எங்கும் போகாமல் நிற்கிறது. அதற்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வயதான ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். அவருடைய தந்தை கரி வெட்டியவர். அருங்காட்சியகத்தில் பார்த்த முட்டைப் பற்றிச் சொன்னேன். "இரும்பு முட்டு வந்த பிறகும் அப்பா மரத்தைத்தான் நம்பினார். மரம் உடைவதற்கு முன் முனகும், ஓட நேரம் கிடைக்கும். இரும்பு ஒன்றும் சொல்லாது" என்றார். எங்கள் சைக்கிள்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டயர் மெலிதாக இருப்பதாகத் தெரிகிறதே, மேலே கல் கூர்மையாக இருக்கும் என்றும் சொன்னார். முதல் விஷயத்தை மதித்துக் கேட்ட நாங்கள் இரண்டாவதைக் கேட்கவில்லை.

கம்மரிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே போகும் கிளையில் பிளைன்க்வின்வி வரை போய்வந்தோம். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பார்க்க முடியாத ஒன்றுதான் இருக்கிறது. மலையின் அந்தப் பக்கத்து ரோந்தா பள்ளத்தாக்கின் கரியெல்லாம் ஒரே ரயில் கம்பெனி வழியாகக் கார்டிஃப் துறைமுகத்துக்குத்தான் போயாக வேண்டும் என்றிருந்த நிலையை உடைப்பதற்காக, மலையைக் குடைந்து, ஸ்வான்சி விரிகுடாவின் பக்கம் வழி திறந்தார்கள். 1890இல் திறக்கப்பட்ட அந்தக் குகைப்பாதையின் நீளம் 3,148 மீட்டர். கரி வெட்டியதால் நிலம் அசைந்து சுவர்கள் கோணியதால், 1968இல் அதை மூடினார்கள். கரிக்காகப் பிறந்தது கரியாலேயே நலிந்தது. பிறகு இரு வாயில்களையும் மண் போட்டுப் புதைத்துவிட்டார்கள். அதைத் தோண்டியெடுத்துச் சைக்கிள் பாதையாக்க வேண்டும் என்று 2014இல் உள்ளூர் மக்கள் ஒரு சங்கம் அமைத்து இயங்கிவருகிறார்கள். அது நடந்தால், இங்கிருந்து ரோந்தாவுக்கு மலையேறாமல், மழையில் நனையாமல் போய்விடலாம். நாங்கள் போனபோது வாயில் இருக்கும் இடம் புல் மூடிய சரிவு, அவ்வளவுதான்.

இரவு கிளின்கோருக்கில் தங்கினோம். கம்மரிலிருந்து அங்கே போகும் பாதை 1860களில் கட்டி முடிக்கப்பட்ட தென் வேல்ஸ் கனிம ரயில்வேயின் தடம். அதன் தொடக்கப் பொறியாளர் புகழ்பெற்ற புருனெல். தண்டவாள இடைவெளி ஏழு அடிக்கும் சற்று அதிகம். ஒரு சின்னக் கரிப் பள்ளத்தாக்குக்கு இவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு அகலமான தண்டவாளம் என்பது கொஞ்சம் மிகையாகவே படுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் சுரங்கத் தொழிலின் முடிவு மிக வேகமாக வந்தது. கம்மர் அருகே டஃப்ரின் ரோந்தா சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. அபர்க்வின்வியின் சுரங்கம் 1969இல் மூடப்பட்டது. கிளின்கோருக்கின் சுரங்கம் 1970இல் மூடப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் மூன்று. ஊருக்கு வெளியே இன்று மீன்பிடிக் குளங்களும் சைக்கிள் மையமும் இருக்கின்றன. மாலையில் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தபோது மைத்துனன் எதிர்மலையைக் காட்டி, "இந்தக் காடு இயற்கைக் காடு மாதிரி இல்லையே அத்தான், சீப்பால் வாரியதுபோல் இருக்கிறதே" என்றான்.

அவன் சொன்னது சரிதான். சுரங்கம் மரத்தைத் தின்னும் தொழில். வேல்ஸிலிருந்து கரி ஏற்றிக்கொண்டு பிரான்ஸின் போர்தோ பக்கம் போன கப்பல்கள் திரும்பும்போது பைன் முட்டுகளை ஏற்றிவந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்தக் கடல்வழியை நெரித்தபோதுதான், காடில்லாத நாடு கரியும் வெட்ட முடியாது என்பது அரசாங்கத்துக்கு உறைத்தது. 1919இல் வனத்துறை ஆணையம் அமைக்கப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்குகளின் ஆட்டு மேய்ச்சல் சரிவுகளில் வட அமெரிக்காவின் சிட்கா ஸ்ப்ரூஸும் ஜப்பானிய லார்ச்சும் வரிசை வரிசையாக நடப்பட்டன. அத்தகைய மரம் வெட்டுக்கு வர நாற்பது ஆண்டுகளாவது ஆகும். அது முற்றி நிமிர்ந்தபோது, அது தாங்கவேண்டிய சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஆளில்லாமல் போன முட்டுமரத் தோப்பில்தான் நாங்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்டை அழகு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் காலை சிவப்புப் பாதையில் ஏறினோம். அதன் பெயர் வொயிட்ஸ் லெவல். 'லெவல்' என்பது சுரங்கச் சொல்: செங்குத்தாகக் குழி வெட்டாமல், மலைச்சரிவில் கிடையாகக் குடைந்து உள்ளே போகும் வாய்க்கு அப்படிப் பெயர். பெயர்ப் பலகையே பாரம்பரியம் சொல்கிறது என்பதை முந்தைய பயணத்தில் கவனிக்கவில்லை. இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டு ஏமாறக்கூடாது. பதினேழு கிலோமீட்டர்தானே என்று நினைத்தால், அதன் முதல் பகுதி முழுவதும் ஒற்றையடிப் பாதையில் வளைந்து வளைந்து ஏறும் ஏற்றம். ஏறும்போது வியர்க்கிறது என்று மேலாடையைக் காரிலேயே விட்டுவிட்டால், உச்சியில் காற்று அடிக்கும்போது பல் கிட்டும். மே மாதத்திலும் நான் கையுறையும் மழைச்சட்டையும் போட வேண்டியிருந்தது. கைப்பேசிச் சமிக்ஞை பெரும்பாலும் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது காகிதத்தில் கொண்டுபோக வேண்டும். மரத்தடியில் காற்று நின்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியாத கொசுப் பூச்சிகள் மொய்க்கும். எனவே இளைப்பாறுவதானால் காற்று வீசும் வளைவுகளில் நிற்பதே உத்தமம்.

பாதி உயரத்தில் காடு திடீரென்று நின்றுபோனது. சரிவு முழுவதும் சாம்பல் நிற அடிக்கட்டைகள். 'ஃபைட்டோஃப்தோரா ரமோரம்' என்கிற நுண்ணுயிரி லார்ச் மரங்களைத் தாக்குவது 2010இல் வேல்ஸில் கண்டறியப்பட்டது; கண்டறியப்பட்டது இதே ஆவன் பள்ளத்தாக்கில். மழையிலும் ஈரக்காற்றிலும் அது பரவுகிறது, சேற்றோடு ஒட்டிக்கொண்டும் பயணம் செய்கிறது. தடுப்பதற்கு வழி, வெட்டி வீழ்த்துவதுதான். வெட்டுவேலை நடக்கும்போது பாதைகள் மூடப்படுகின்றன, மாற்றி அமைக்கப்படுகின்றன. பழைய வரைபடத்தை நம்பி வருகிறவர்கள் வழியில் தடைப்பலகையைக் கண்டு திகைப்பதுண்டு. கிளம்பும் நாளன்றே பாதை நிலவரத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் அந்த மொட்டைச் சரிவு எங்களுக்கு ஒன்றைக் காட்டியது. மரங்கள் மறைத்திருந்த கல்வேலி ஒன்று, சாந்தில்லாமல் அடுக்கிய கற்கள் சரிந்தும் சரியாமலும், சரிவின் குறுக்கே வெகுதூரம் ஓடியது. காட்டுக்கு முந்தைய ஆட்டுப் பண்ணையின் எல்லை. முதலில் பண்ணை, பிறகு காடு, இப்போது மறுபடியும் வெளிச்சம்.

உச்சியில் காற்றாலைகள் நின்றன. பென்-அ-கமோய்த் என்ற அந்தக் காற்றாலைத் தொகுதியில் 76 விசிறிகள், 228 மெகாவாட் திறன், 2017இல் திறக்கப்பட்டது. பெயருக்குப் பள்ளத்தாக்குகளின் தலை என்று பொருள். இதே மலைமுகட்டில் வெண்கலக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களுக்குக் கற்குவை எழுப்பியிருக்கிறார்கள். க்ரீக் அர் ஆவன் என்ற அந்த மேடு இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போக நேரமில்லாமல் போனது எனக்குக் குறைதான். மூன்றாவது நாள் ஒன்று வைத்துக்கொண்டு வருவதே முறை.

இறக்கத்தில்தான் பெஞ்சில் சந்தித்த பெரியவரின் எச்சரிக்கை பலித்தது. அடுக்கடுக்காகப் பெயரும் கரும்பலகைக் கல் போன்ற பாறைத் துண்டு ஒன்று என் பின்டயரின் பக்கச்சுவரை ஒரு அங்குலத்துக்குக் கிழித்துவிட்டது. சைக்கிள் நாங்கள் வாடகைக்கு எடுத்தது. கடையில் கொடுத்த உதிரி ட்யூபைப் பிரித்தால் அது 27.5 அங்குலச் சக்கரத்துக்கானது. என்னுடையதோ 29. கோபித்து என்ன செய்வது, பையை வாங்கிய இடத்திலேயே திறந்து பார்த்திருக்க வேண்டியது நான். அவசரத்துக்கு 27.5 ட்யூப் 29க்குள் நீண்டு உட்கார்ந்துகொள்ளும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ஆனால் கிழிசல் வழியாக ட்யூப் பிதுங்கும். அதற்கு உட்புறம் ஏதாவது ஒன்றை ஒட்டுக்கொடுக்க வேண்டும். மைத்துனன் பர்ஸைத் திறந்து ஓர் ஐந்து பவுண்டு நோட்டை எடுத்து நான்காக மடித்தான். இப்போது அந்த நோட்டு காகிதமல்ல, பிளாஸ்டிக், கிழியாது. அதைக் கிழிசலுக்கும் ட்யூபுக்கும் நடுவில் வைத்து, பாதி அளவே காற்றடித்து, பள்ளங்களில் எழுந்து நின்று எடையை முன்சக்கரத்துக்குத் தள்ளிக்கொண்டே கீழே வந்து சேர்ந்தோம். அந்த ஆறு கிலோமீட்டரும் டயர் முனகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன்.

கீழே சைக்கிள் கழுவுமிடத்தில் குழாய் இருந்தது. லார்ச் நோயை அடுத்த காட்டுக்குச் சுமந்து போகாமலிருக்க, டயர் இடுக்குகளிலும் காலணி அடியிலும் மண் ஒட்டாமல் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அதை அவசரப்படாமல் செய்தோம். முதலில் பழுப்பாக ஓடிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கறுத்தது. பழைய கரிக்கழிவு மேட்டின்மேல் ஏறி வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. சைக்கிள்களைத் துடைத்து, கடையில் ஒப்படைத்து, கிழிந்த டயருக்கான பணத்தையும் கட்டிவிட்டுக் காரில் ஏறினோம். போர்ட் டால்போட்டைத் தாண்டி எம்4இல் வெகுதூரம் வந்த பிறகு மைத்துனன் பர்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "அத்தான், என் ஐந்து பவுண்டு டயருக்குள்ளேயே இருக்கிறது" என்றான்.